பேரனுக்கு, பேத்திக்கு முதல் ரைஃபிள்: அமெரிக்கத் தாத்தாக்கள் கடையில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், தேங்க்ஸ்கிவிங் விருந்து முடிந்த அடுத்த சனிக்கிழமை ரைஃபிள் மான் வேட்டை சீசன் தொடங்கும். 2019-க்கு முன்புவரை அது திங்கட்கிழமை. அந்தத் திங்களன்று பல ஊர்களில் பள்ளிக்கூடத்துக்கே லீவு விட்டுவிடுவார்கள். தீபாவளிக்கு மறுநாள் நம்ம ஊர் வகுப்பறை எப்படி இருக்குமோ, அப்படித்தான் அங்கும். பசங்க வர மாட்டாங்க. தாத்தாவோடு காட்டில் இருப்பார்கள்.

அமெரிக்க மீன் மற்றும் வனவிலங்குத் துறையின் 2022 கணக்குப்படி, 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 1.44 கோடி பேர் அந்த ஆண்டில் வேட்டைக்குப் போயிருக்கிறார்கள். இவர்களில் பலருக்கு இந்தப் பழக்கம் குடும்பம் வழியாக வந்தது. அதனால் அங்குள்ள துப்பாக்கிக் கடைகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "என் பேரனுக்குப் பத்து வயசு. முதல் ரைஃபிள் எது வாங்கலாம்?"

இந்தியாவில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியே தூக்கிவாரிப்போடும். பத்து வயசுப் பையனுக்குத் துப்பாக்கியா? ஆனால், இந்த ஒரு கேள்விக்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன. குழந்தையின் உடம்புக்கு எது பொருந்தும், எவ்வளவு சக்தி போதும், சட்டம் என்ன சொல்கிறது, வேட்டை முடிந்த பிறகு அந்தத் துப்பாக்கி எங்கே இருக்கும்? முதல் மூன்றுக்கும் கடைக்காரரே பதில் சொல்லிவிடுவார். நான்காவதுக்கு வீட்டில்தான் பதில் தேட வேண்டும். சிக்கல் பெரும்பாலும் வருவதும் அங்கேதான்.

குழந்தைகள் வேட்டையாடுவது சட்டப்படி சரியா?

சரி. ஆனால் நிபந்தனைகளோடு.

அமெரிக்காவில் வேட்டை விதிகளை வகுப்பது அந்தந்த மாநிலங்கள். பென்சில்வேனியாவில் சொந்தமாக வேட்டை உரிமம் எடுக்க 12 வயது ஆக வேண்டும். அதற்குக் கீழே உள்ளவர்கள், 2006-ல் தொடங்கிய வழிகாட்டித் திட்டத்தின் கீழ், ஒரு பெரியவரோடு போகலாம். அந்தத் திட்டத்தின் விதி கவனிக்க வேண்டியது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு துப்பாக்கிதான். நடக்கும்போது அது பெரியவர் கையில் இருக்க வேண்டும்.

நியூயார்க் மாநிலத்தில் 12, 13 வயதுப் பிள்ளைகள் பெரியவர் துணையோடு துப்பாக்கியால் மான் வேட்டையாட 2021-ல்தான் வழி பிறந்தது. அதுவும் மாவட்ட நிர்வாகம் ஒப்புக்கொண்ட இடங்களில் மட்டும். விஸ்கான்சின் அதற்கு நேர் எதிர். வழிகாட்டியோடு போகும் வேட்டைக்கு இருந்த 10 வயது வரம்பையே 2017-ல் நீக்கிவிட்டார்கள்.

இத்தனை வேறுபாடுகளுக்கு இடையிலும், பயிற்சி வகுப்பு எல்லா இடத்திலும் உண்டு. இளம் வேட்டைக்காரர்களுக்குப் பயிற்சி கட்டாயம் என்று முதலில் கொண்டுவந்தது நியூயார்க். ஆண்டு 1949. டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2-ம் தேதி அல்லது அதற்குப் பிறகு பிறந்த எல்லோரும் இந்த வகுப்பை முடிக்க வேண்டும். துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது, வேலியை எப்படித் தாண்டுவது, எந்த நிலையில் சுடவே கூடாது என்பதெல்லாம் பாடம்.

வேட்டைக்காரர்களின் எண்ணிக்கை குறையக் கூடாது என்பதில் மாநில அரசுகளுக்கும் அக்கறை உண்டு. காரணம் பணம். 1937-ல் வந்த பிட்மேன்-ராபர்ட்சன் சட்டப்படி ரைஃபிள், ஷாட்கன், தோட்டா ஆகியவற்றின் மீது 11 சதவீத வரி வசூலாகிறது. அந்தப் பணம் வனவிலங்குப் பாதுகாப்புக்காக மாநிலங்களுக்குப் போகிறது. உரிமக் கட்டணம் தனி. தாத்தா வாங்கும் ரைஃபிளிலும் மான்களுக்கு ஒரு பங்கு இருக்கிறது என்பது இந்த ஏற்பாட்டின் விசித்திரம்.

சரி, எந்த வயசில் வாங்கித் தரலாம்?

சட்டம் ஓர் எண்ணைச் சொல்லும். அனுபவமுள்ளவர்கள் எண்ணைப் பார்ப்பதில்லை, குழந்தையைப் பார்க்கிறார்கள். "கையை எடு" என்றால் அந்த நொடியே எடுக்கிறதா? அரை மணி நேரம் பேசாமல் உட்காருமா? கோபம் வந்தால் கையில் இருப்பதைத் தூக்கி எறியுமா? ஓர் உயிர் போவதைப் பார்க்கும் மனநிலை இருக்கிறதா? ஒரே வீட்டில் அக்காவுக்கு 10 வயதில் சரியாக இருப்பது, தம்பிக்கு 14 வயதிலும் சரியாக இல்லாமல் போகலாம்.

குழந்தைக்கே ஆசை இருக்கிறதா என்பதும் முக்கியம். தாத்தாவின் ஆசைக்காகத் தலையாட்டும் பேரப்பிள்ளைகளும் உண்டு. துப்பாக்கி இல்லாமல் ஒரு சீசன் சும்மா கூட அழைத்துப்போனால் அது தெரிந்துவிடும். குளிரில் நடுங்கிக்கொண்டு நாலு மணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்த பிறகும் "நாளைக்கும் வர்றேன்" என்கிற பிள்ளைக்குத்தான் அடுத்த கட்டம்.

முதல் துப்பாக்கி ஏன் .22?

ஆரம்பப் பாடத்துக்கு அங்கே பலரும் தேர்வு செய்வது .22 எல்.ஆர் தோட்டாவில் சுடும் சிறிய ரைஃபிள். .22 என்பது தோட்டாவின் விட்டம், அங்குலத்தில். பின்னுதைப்பு, அதாவது சுடும்போது துப்பாக்கி தோளில் உதைக்கும் உதை, இதில் கிட்டத்தட்ட இல்லை. தோட்டா விலையும் குறைவு. ஒரு மதியம் முழுக்க நூறு முறை சுட்டாலும் தோள் வலிக்காது, பர்ஸும் வலிக்காது.

ஆனால் இது மானுக்கு ஆகாது. பெரும்பாலான மாநிலங்களில் மான் வேட்டைக்கு இந்த வகைத் தோட்டா தடை செய்யப்பட்டிருக்கிறது. மான் உடனே சாகாமல் காயத்தோடு ஓடி, எங்கோ போய்த் துடித்துச் சாகும் என்பதே காரணம். ஆகவே .22 என்பது பயிற்சிக்கும், அணில், முயல் போன்ற சிறு வேட்டைக்கும்.

குழந்தைகளுக்கு ஒரு முறைக்கு ஒரே தோட்டா மட்டும் போடும் சிங்கிள் ஷாட் வகையையோ, ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் வகையையோ சொல்வார்கள். ஒரு தடவை சுட்டால் அடுத்த தடவைக்கு ஒரு வேலை செய்தாக வேண்டும். அந்த இடைவெளியில் தாத்தா "நிறுத்து" என்று சொல்ல நேரம் கிடைக்கும். போல்ட்டைத் திறந்து வைத்தால், உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று பார்த்தே சொல்லிவிடலாம்.

சைஸ் என்றால் என்ன? சட்டை மாதிரி அளவு உண்டா?

உண்டு. ரைஃபிளில் விசையிலிருந்து தோளில் ஊன்றும் கட்டையின் கடைசி முனை வரை உள்ள தூரத்தை 'லெங்த் ஆஃப் புல்' என்பார்கள். பெரியவர்களுக்கான ரைஃபிளில் இது சுமார் 13.5 முதல் 14 அங்குலம். சிறுவர்களுக்கான மாடல்களில் 12 முதல் 12.5 அங்குலம்.

ஒன்றரை அங்குலம்தானே என்று தோன்றும். கட்டை நீளமாக இருந்தால், குழந்தை அதைத் தோளில் சரியாக வைக்க முடியாமல் கையின் மேல்பகுதியில் வைக்கும். எடையைச் சமாளிக்க உடம்பைப் பின்னால் வளைக்கும். கழுத்தை நீட்டி ஸ்கோப்பைத் தேடும். இந்த நிலையில் சுட்டால் குறி தப்பும், அடியும் படும்.

கடைகளில் எளிதான ஒரு சோதனை செய்வார்கள். தோட்டா இல்லாத ரைஃபிளின் கட்டையை முழங்கை மடிப்பில் வைத்து, குழலை மேலே பார்க்கவைத்து, ஆள்காட்டி விரல் விசையை வசதியாக எட்டுகிறதா என்று பார்ப்பது. துல்லியமான அளவு இல்லை, ஆனாலும் ஒரு குத்துமதிப்பு கிடைக்கும். குளிர்கால ஜாக்கெட்டோடு பார்க்க வேண்டும் என்பது இன்னொரு டிப்ஸ். வேட்டை நடப்பது நவம்பர் குளிரில். ஜாக்கெட்டின் தடிமனும் கணக்கில் சேரும்.

குழந்தை வளருமே, ஒவ்வொரு வருஷமும் புதுசா வாங்க முடியுமா? அதற்குத்தான் இப்போது கட்டையை நீட்டிக்கொள்ளும் மாடல்கள் வந்திருக்கின்றன. ருகர், சாவேஜ், மாஸ்பெர்க் நிறுவனங்கள் சிறுவர் அளவு ரைஃபிள்களை விற்கின்றன. மாஸ்பெர்க்கின் 'சூப்பர் பாண்டம்' வகையில் ஒரு துண்டைச் சேர்த்தோ கழற்றியோ நீளத்தை மாற்றலாம். பழைய தலைமுறை இதையே வேறு விதமாகச் செய்தது. மரக்கட்டையை ரம்பத்தால் அறுத்துக் குட்டையாக்கிவிட்டு, அறுத்த துண்டைப் பத்திரமாக எடுத்து வைப்பார்கள். பையன் வளர்ந்ததும் திரும்ப ஒட்டிக்கொள்ளலாம்!

தாத்தாவோட பழைய ரைஃபிளையே கொடுத்துடலாமே?

இங்கேதான் பல தாத்தாக்கள் தடுமாறுகிறார்கள். அவர்கள் வாழ்நாள் முழுக்க வைத்திருந்தது பெரும்பாலும் .30-06 ரகம். 1906-ல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த தோட்டா, பிறகு வேட்டைக்காரர்களின் செல்லமாகிவிட்டது. அதைப் பேரனிடம் கொடுப்பதில் ஒரு பெருமை இருக்கிறது. ஆனால், 35 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது தரும் முதல் அனுபவம் தோளில் ஒரு குத்து.

ஒருமுறை பலமாக உதை வாங்கிய குழந்தை, அடுத்த முறை விசையை இழுப்பதற்கு முன்பே கண்ணை இறுக்கி மூடி, தோளை முன்னால் தள்ளும். இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் போக்குவது கடினம். குறி தவறி மான் காயத்தோடு ஓடும். அதைப் பார்த்த குழந்தைக்கு அந்த நினைவும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

அதனால் மென்மையான தோட்டாக்களைத் தேர்வு செய்கிறார்கள். பொதுவாகப் பேசப்படுபவை இவை:

.243 வின்செஸ்டர்: 1955-ல் வந்தது. .30-06 தரும் உதையில் ஏறக்குறைய பாதிதான். வெள்ளைவால் மானுக்குப் போதும். ஆனால் தோட்டா சிறியது என்பதால், சரியான இடத்தில் பட வேண்டும்.

7 எம்.எம்-08 ரெமிங்டன்: 1980-ல் அறிமுகம். .243-ஐவிடக் கொஞ்சம் அதிக உதை, கொஞ்சம் அதிக சக்தி. குழந்தை பெரிய ஆளானாலும் மாற்றத் தேவையில்லை.

6.5 கிரீட்மோர்: 2007-ல் வந்தது. தூரக் குறிக்காக உருவாக்கப்பட்டாலும், மிதமான உதை என்பதால் இளையவர்களிடமும் பிரபலம்.

.350 லெஜண்ட்: 2019-ல் வந்தது. ஒஹாயோ போன்ற சில மாநிலங்களில், மான் வேட்டைக்கு ரைஃபிள் எடுத்தால் நேர்சுவர் தோட்டா மட்டுமே அனுமதி. அந்த விதியை மனதில் வைத்தே வந்த தோட்டா இது.

மாநில விதி இங்கேயும் குறுக்கே வரும். கொலராடோவில் பெரிய விலங்கு வேட்டைக்குக் குறைந்தபட்சம் .24 அங்குலத் தோட்டா வேண்டும். வர்ஜீனியாவில் மானுக்கு .23. ஆகவே, உதை குறைவு என்று .223 வாங்கினால், இந்த இரண்டு மாநிலங்களிலும் அதை மான் வேட்டைக்குக் கொண்டுபோக முடியாது.

இன்னொரு பொறி, எடை. குழந்தைக்குத் தூக்க வசதியாக இருக்கட்டும் என்று லேசான ரைஃபிளைத் தேடுவார்கள். ஆனால், ஒரே தோட்டாவைச் சுடும்போது லேசான துப்பாக்கி அதிகமாக உதைக்கும், கனமானது குறைவாக உதைக்கும். வெறும் பள்ளிக்கூட இயற்பியல். தூக்கவும் முடிய வேண்டும், உதைக்கவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சரியான ரைஃபிள் இருக்கிறது. மருந்து குறைவாகப் போட்ட மென்மையான தோட்டாக்களும் கடையில் கிடைக்கின்றன. ஏற்கெனவே கனமான ரைஃபிள் வீட்டில் இருந்தால், புதுசு வாங்காமல் இதை முயன்று பார்க்கலாம்.

கண்ணும் காதும்

ரைஃபிள் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். ஒரே ஒரு வெடிச் சத்தம்கூடக் காதுக்கு நிரந்தரச் சேதம் தரலாம் என்கிற அளவு அது. குழந்தையின் தலை அளவுக்கு ஏற்ற காதுறையும், பாதுகாப்புக் கண்ணாடியும் துப்பாக்கியோடு சேர்த்தே வாங்க வேண்டியவை.

குழந்தைக்கு எந்தக் கண் ஆதிக்கக் கண் என்பதையும் பார்க்க வேண்டும். வலது கைக்காரராக இருந்தும் இடது கண்ணால் குறிபார்க்கும் பிள்ளைகள் உண்டு. அதேபோல, ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் நடுவே சுமார் 3 முதல் 4 அங்குல இடைவெளி வேண்டும். பொருந்தாத ரைஃபிளில் கழுத்தை நீட்டிச் சுடும் குழந்தைக்குப் புருவத்தில் ஸ்கோப் இடித்துத் தையல் போட நேரலாம்.

தோட்டாவின் உலோகமும் கவனிக்க வேண்டியது. ஈயத் தோட்டா மானின் உடலில் பட்டதும் நுண் துகள்களாகச் சிதறும். அந்த இறைச்சிதான் வீட்டில் சமையலுக்கு வருகிறது. வளரும் குழந்தைக்கு ஈயம் ஆபத்து. வேட்டை மிச்சத்தைத் தின்னும் பறவைகளுக்கும்தான். இதனால் கலிபோர்னியா 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயத் தோட்டாவை முற்றிலும் தடை செய்தது. மற்ற இடங்களில் தாமிரத் தோட்டாவைத் தேர்வு செய்வது குடும்பத்தின் விருப்பம்.

தாத்தா வாங்கிப் பேரனுக்குப் பரிசாகக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் யார் பணம் என்பது முக்கியம்.

1968-ம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி, உரிமம் பெற்ற கடைக்காரர் 18 வயது ஆகாதவருக்கு ரைஃபிளோ ஷாட்கன்னோ விற்க முடியாது. கைத்துப்பாக்கி என்றால் 21. ஆகவே பெரியவர் ஒருவர்தான் வாங்க வேண்டும். அவர் 4473 என்ற படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனையைத் தாண்ட வேண்டும். "நீங்கள்தான் உண்மையில் வாங்குபவரா?" என்று படிவம் கேட்கும். தன் சொந்தப் பணத்தில், நிஜமான பரிசாக வாங்கும் தாத்தா "ஆம்" என்று சொல்லலாம்.

ஆனால் வேறொருவர் காசு கொடுத்து, "உங்க பேரில் வாங்கிக் கொடுங்க" என்றால் அது பரிசு ஆகாது, குற்றம். 2014-ல் உச்ச நீதிமன்றம் அப்ராம்ஸ்கி வழக்கில் இதைத்தான் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் உறுதிசெய்தது. அந்த வழக்கில் ஒரு முன்னாள் போலீஸ்காரர் தன் மாமாவுக்காக ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். மாமா முன்கூட்டியே 400 டாலருக்குச் செக் அனுப்பியிருந்தார். இருவருக்குமே துப்பாக்கி வைத்திருக்கச் சட்டப்படி தகுதி இருந்தது. இருந்தும், படிவத்தில் தானே வாங்குவதாகச் சொன்னது பொய் என்று தீர்ப்பானது. 2022-ல் வந்த புதிய சட்டம், இப்படிப் பினாமியாக வாங்குவதைத் தனிக் குற்றமாக்கி 15 ஆண்டு வரை சிறை என்றது.

பேரன் வேறு மாநிலத்தில் இருந்தால் இன்னொரு படி கூடும். தாத்தா காரில் எடுத்துப்போய்க் கையில் கொடுத்துவிட முடியாது. பேரன் வசிக்கும் மாநிலத்தில் உள்ள உரிமம் பெற்ற கடை வழியாகப் போக வேண்டும். பேரன் சிறுவன் என்பதால் அங்கே படிவம் நிரப்பிப் பெற்றுக்கொள்வது பெற்றோர். ஆக, அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் தரும் 'சர்ப்ரைஸ் கிஃப்ட்' என்பதற்கு இங்கே இடமில்லை. உயில் மூலம் போய்ச் சேரும் துப்பாக்கிக்கு மட்டும் இந்த மாநில எல்லை விதியில் விலக்கு உண்டு.

நான்காவது கேள்வி: அது எங்கே இருக்கும்?

2013 ஏப்ரலில் கென்டக்கி மாநிலத்தின் ஒரு கிராமப்புற வீட்டில், 5 வயதுச் சிறுவன் தன் 2 வயதுத் தங்கையைத் தவறுதலாகச் சுட்டான். தங்கை இறந்துவிட்டாள். அவன் கையில் இருந்தது அவனுக்கே பரிசாக வந்த, சிறுவர்களுக்காகவே தயாரான .22 சிங்கிள் ஷாட் ரைஃபிள். அளவு சரி, உதை குறைவு, ஒரே தோட்டா. மேலே சொன்ன எல்லா விதத்திலும் 'பொருத்தமான' துப்பாக்கி. ஆனால் அது வீட்டின் மூலையில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. உள்ளே ஒரு தோட்டா இருந்தது பெரியவர்களுக்குத் தெரியவில்லை.

சரியான ரைஃபிளைத் தேர்வு செய்வது ஒருநாள் வேலை. அதைப் பூட்டி வைப்பது பல வருஷ வேலை. சட்டமும் இந்த இடத்தில் கொஞ்சம் தளர்வாகவே இருக்கிறது. 2005-ம் ஆண்டின் மத்தியச் சட்டம், கைத்துப்பாக்கி விற்கும்போது கூடவே பூட்டும் தர வேண்டும் என்கிறது. ரைஃபிளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. குழந்தை எட்டும் இடத்தில் துப்பாக்கி வைத்தால் பெரியவரைப் பொறுப்பாக்கும் சட்டத்தை 1989-ல் முதலில் கொண்டுவந்தது ஃபுளோரிடா. பிறகு பல மாநிலங்கள் சேர்ந்தன, சில இன்னும் சேரவில்லை.

"நாங்க சொல்லிக்கொடுத்திருக்கோம், எங்க பிள்ளை தொடாது" என்பது பல வீடுகளில் கேட்கும் பதில். 2001-ல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. 8 முதல் 12 வயது வரையுள்ள 64 சிறுவர்களைச் சின்னச் சின்னக் குழுக்களாக ஓர் அறையில் விட்டார்கள். இழுப்பறையில் நிஜமான, ஆனால் சுட முடியாத கைத்துப்பாக்கி. கண்டெடுத்த குழுக்களில் பெரும்பாலானவை அதைக் கையில் எடுத்தன. விசையை இழுத்துப் பார்த்தவர்களும் உண்டு. எடுத்த சிறுவர்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர், துப்பாக்கிப் பாதுகாப்பு பற்றி ஏற்கெனவே பாடம் கேட்டவர்கள். சொல்லிக்கொடுப்பது அவசியம்தான், ஆனால் அது பூட்டு ஆகாது.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் தரவுகள்படி, 2020 முதல் அந்நாட்டின் குழந்தைகள், பதின்ம வயதினர் மரணங்களுக்கு முதல் காரணம் துப்பாக்கிதான். இதில் விபத்துகள் சிறு பங்கு. கொலைகளும் தற்கொலைகளுமே பெரும்பங்கு. 10 வயதில் பரிசு வாங்கிய பேரனுக்கு ஒருநாள் 15 வயதாகும். பரீட்சை, காதல், கேலி, தனிமை எல்லாம் வரும். துப்பாக்கியால் தற்கொலைக்கு முயல்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதில்லை. அந்த ஒரு கெட்ட நாளில் அலமாரி பூட்டியிருந்ததா என்பதுதான் எல்லாமே. மனச்சோர்வில் இருப்பவர்கள் அமெரிக்காவில் 988 என்ற எண்ணை எப்போதும் அழைக்கலாம்.

சட்டத்தின் பார்வையும் மாறிவருகிறது. மிச்சிகனில் 2021 நவம்பரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் 15 வயது மாணவன் சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தனர். கைத்துப்பாக்கி, அதற்குச் சில நாட்கள் முன்பு பெற்றோர் வாங்கித் தந்த கிறிஸ்துமஸ் பரிசு. 2024-ல் அம்மா, அப்பா இருவருமே மரணத்துக்குக் காரணமான குற்றத்தில் தண்டிக்கப்பட்டு, தலா 10 முதல் 15 ஆண்டுச் சிறைக்குப் போனார்கள். அது வேட்டை ரைஃபிள் இல்லைதான். ஆனால் பிள்ளைக்குத் துப்பாக்கி வாங்கித் தரும் பெரியவர், அது பிறகு என்னவாகிறது என்பதற்கும் பொறுப்பு என்ற செய்தி நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

அப்படின்னா பாதுகாப்பான வழி எது?

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாடமியின் முதல் யோசனை, குழந்தைகள் இருக்கும் வீட்டில் துப்பாக்கியே வேண்டாம் என்பது. இருந்தே ஆக வேண்டும் என்றால் தோட்டாவை வெளியே எடுத்து, துப்பாக்கியைப் பூட்டி, தோட்டாக்களைத் தனியாக இன்னொரு இடத்தில் பூட்டி வைக்க வேண்டும். துப்பாக்கித் தொழில் அமைப்பே நடத்தும் 'புராஜெக்ட் சைல்டுசேஃப்' திட்டத்தில் கேபிள் பூட்டு இலவசமாகக் கிடைக்கிறது.

வேட்டைக் குடும்பங்களும் ஒரு நடுவழி வைத்திருக்கின்றன. ரைஃபிள் பேரனுடையது என்று பெயர். இருப்பதோ தாத்தாவின் இரும்பு அலமாரியில். சாவியோ எண்ணோ பேரனுக்குத் தெரியாது. சீசன் வந்தால் தாத்தா எடுப்பார், முடிந்தால் துடைத்து வைப்பார். பேரனுக்கு 18 வயது ஆகி, சொந்த வீடும் சொந்தப் பூட்டும் வந்த பிறகு கைமாறும். இதற்கு வசதி இல்லாத தாத்தாக்கள், முதல் பரிசாக ரைஃபிளை விட்டுவிட்டு பைனாகுலரோ, பயிற்சி வகுப்புக் கட்டணமோ கொடுக்கலாம்.

அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது

எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. ஆகவே, ஆபீஸ் நண்பர் "வாங்க, வீக்கெண்ட் சுடப் போகலாம்" என்று அழைத்தால், போவதற்கு முன் விசா விதியை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அதைவிட அன்றாடமான விஷயம் ஒன்று இருக்கிறது. நம் பிள்ளைகள் நண்பர்கள் வீட்டுக்கு விளையாடப் போவார்கள், இரவு தங்குவார்கள். அங்கே ஒரு தாத்தா பரிசாகத் தந்த ரைஃபிள் இருக்கலாம். போகும் முன்பு "உங்க வீட்டில் துப்பாக்கி இருக்கா? பூட்டி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்கும்படி அங்குள்ள குழந்தை மருத்துவர்களே பெற்றோருக்குச் சொல்கிறார்கள். நிலக்கடலை அலர்ஜி இருக்கிறது, நீச்சல் குளத்துக்கு வேலி இருக்கா என்று கேட்பதைப் போல, இதையும் சகஜமாகக் கேட்கலாம்.

கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் பேரப்பிள்ளைக்காகப் பார்த்துப் பார்த்து ரைஃபிள் வாங்கிய ஒரு தாத்தா, அந்தக் கேள்வியைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். சாவி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.